பல்லில் விழுந்த புள்ளி

அத்தியாயம் 14

ஆயிரத்து ஐந்நூறு புத்தகங்களும் காலை ஒன்பது மணிக்கே திரும்பி வந்துவிட்டன.

கட்டிய கயிறுகூட அவிழாமல் அச்சகத்து வாசலில் கட்டுக் கட்டாக இறங்கின. ஒரே ஒரு கட்டுதான் பிரிந்திருந்தது. அதிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி, பல் மருத்துவக் கல்லூரியின் மேலாளர் முதலாளியின் மேசை மேல் போட்டார். வைக்கவில்லை, போட்டார்.

"மூணாம் பக்கம் பாருங்க."

மூன்றாம் பக்கம் முழுக்க ஒரே படம். கல்லூரியைத் தொடங்கிய டாக்டரம்மாவின் இளவயதுப் படம். பழைய ஆல்பத்திலிருந்து எடுத்து, ஸ்கேன் செய்து, கலர் சேர்த்து, ஐம்பதாம் ஆண்டு மலருக்காகப் பெரிதாக்கியது. அந்தம்மா வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்த முன்பல்லின் நட்டநடுவில், கடுகில் பாதி அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி.

"பல் காலேஜ் ஆரம்பிச்சவங்களுக்கே சொத்தைப் பல்லா சார்?" மேலாளர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. "திங்கக்கிழமை விழா. அவங்க மேடையில உக்காந்திருப்பாங்க. இத நான் அவங்க கையில குடுக்கணுமா? நாளன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள புதுசா அடிச்சுக் குடுங்க. இல்லன்னா இந்தப் பக்கமே நாங்க வர மாட்டோம்."

அவர் போன பிறகும் முதலாளி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. லென்ஸை எடுத்துப் பல்லின் மேல் வைத்துப் பார்த்தார். பிறகு மாடிப்படியை அண்ணாந்து பார்த்தார்.

படியின் நடுவில் கலரம்மா நின்றிருந்தாள்.

அவள் முதலாளி வீட்டின் மூத்த மருமகள். பதினோரு வருஷமாக மாடியிலிருக்கும் கலர் ரூம் அவள் கையில். வந்த படங்களைத் துடைத்து, தோலின் நிறத்தைத் தோலின் நிறமாக்கி, அச்சுக்கு அனுப்புவது அவள் வேலை. மெஷின் ஆட்களில் தொடங்கி பேப்பர் இறக்குபவர் வரை எல்லோரும் கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தப் பெயர் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

வாராவாரம் படிப்பவர்களுக்கு மானிட்டர் சண்டை மறந்திருக்காது. புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. கலர் ரூமின் பழைய மானிட்டர் உயிரை விட்டபோது, பெரிய கம்பெனி மானிட்டர்தான் வாங்க வேண்டும் என்றார் மாமனார். அந்தப் பெரிய கம்பெனியின் ஏஜென்சி வைத்திருப்பவர் யார் என்று நினைக்கிறீர்கள்? வீட்டு மாப்பிள்ளை. கலரம்மா ஒரே பிடியாக நின்று, கப்பலில் வந்த, பெயரைக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாத ஒரு மானிட்டரை வாங்கினாள். அதே அளவு, அதே கூர்மை, விலை பாதிக்கும் கீழே. ஒரே ஒரு கேபிள்தான் அதில் நுழையும். மேசையைத் தட்டினால் தலையை ஆட்டும். போதாக்குறைக்குத் திரையில் மூன்று புள்ளிகள் செத்துப்போய், ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு கறுப்புப் பொட்டாக நின்றன. விற்றவனைக் கேட்டால், அஞ்சு புள்ளி வரைக்கும் குறையில்ல மேடம், பில்லுக்குப் பின்னாடியே போட்டிருக்கோம் என்று கையை விரித்துவிட்டான்.

மாமனார் அன்றே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். "இந்த டப்பாவால ஒரே ஒரு வேல கெட்டாலும், டப்பாவும் வெளிய போகும், நீயும் நாற்காலிய விட்டு எறங்கிடணும்."

அது நடந்து நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது.

---

மாமனார் ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். பின்னாலேயே மாப்பிள்ளை. புத்தகம் திரும்பி வந்த செய்தி எட்டி, கடையைக்கூடத் திறக்காமல் அவர் எப்படி அரை மணியில் வந்து சேர்ந்தார் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கலர் ரூமில் மானிட்டர் எரிந்துகொண்டிருந்தது. வெறும் வெள்ளைத் திரை. அதில் பொட்டு பளிச்சென்று தெரிந்தது.

"இதோ இருக்கு," என்றார் மாமனார். "இதேதான் அங்க எறங்கியிருக்கு."

"இல்ல மாமா. இது கண்ணாடியில இருக்குற புள்ளி. பேப்பருக்கு எப்படிப் போகும்? நீங்க மூக்குக்கண்ணாடி போட்டுக்கிட்டு என்னப் பாக்கறீங்க. உங்க கண்ணாடியில அழுக்கு இருந்தா என் மூஞ்சியில ஒட்டிக்குமா?"

"எனக்கே பாடம் எடுக்குறியா?"

"தங்கச்சி சொல்றது சரிதான் மாமா," என்றார் மாப்பிள்ளை, கருணையே உருவாக. "பேப்பருக்குப் போகாதுதான். ஆனா மட்டமான கண்ணாடியில பாக்குற கண்ணும் மட்டமாத்தானே பாக்கும்? நல்ல கம்பெனியா இருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது. நான் அன்னைக்கே சொன்னேன். பொட்டு வச்ச டிவிய வாங்கி வச்சா, அது சாமியாடத்தான் செய்யும்னு."

"அண்ணா, உங்க சாமான் விக்கலன்னு வயித்தெரிச்சல் உங்களுக்கு. அத எங்க மேசையில வச்சுக் கொட்டாதீங்க."

"பாத்தீங்களா மாமா பேச்ச."

மாமனார் குனிந்து சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார். திரை இருண்டது. பொட்டும் இருட்டில் கரைந்தது.

"சாவி."

"மாமா, ஒரு நிமிஷம் அந்த ஃபைலத் தொறந்து..."

"நீ எதையும் தொறக்க வேணாம். தொறந்தா எதையாவது மாத்தி வச்சுட்டு, நான் இல்லம்பே. சாவி."

பதினோரு வருஷத்தில் அவளை யாரும் அப்படிச் சொன்னதில்லை. காது சூடாகிவிட்டது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். ஆனால் கையை உடனே விடவில்லை.

"டப்பா மேல பழி போட்டு என்ன அனுப்பாதீங்க மாமா. கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்குற திருகாணியக் கூப்பிடுங்க. என் டப்பாவையும் தொறக்கட்டும், கீழ உங்க மேசையில மாப்பிள்ள வச்ச கம்பெனி மானிட்டரையும் தொறக்கட்டும். என்னுது மட்டமான கண்ணாடின்னு அவன் சொல்லிட்டா நானே கதவப் பூட்டிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போறேன்."

"மட்டமில்லன்னு சொன்னா?" என்றார் மாமனார்.

"இனிமே இந்த ரூம் வாங்குற சாமான்ல யாரும் வாய வைக்கக் கூடாது."

மாப்பிள்ளை சிரித்தார். மாமனார் சாவியை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "மூணு மணிக்கு," என்றார்.

---

கீழே பேப்பர் ரீம்கள் அடுக்கியிருந்த மூலையில் கணவன் அவளை மறித்தான்.

முதலாளியின் மூத்த மகன், மெஷின் அவன் பொறுப்பு. விரல் நகங்களில் மை போகவே போகாது. இருவரும் பேசி ஐந்து நாள் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது மாப்பிள்ளை பொட்டு வச்ச டிவி என்று சொல்ல, மேசையே சிரித்தது. கணவனும் சேர்ந்து சிரித்தான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து மாடிக்கும் கீழுக்கும் நடுவில் இண்டர்காம்தான்.

"டப்பா மேல பழியப் போட்டுடு," என்றான் தாழ்ந்த குரலில். "அது என்ன வாயத் தொறந்து பேசப்போகுதா? தூக்கி வெளிய போட்டா அப்பாவுக்குக் கோவம் ஆறிடும். ரெண்டு நாள்ல உன்ன மறுபடி மேல கூப்பிடுவாரு."

"எதுக்குப் போடணும்?"

"எதுக்கா?"

"அது உங்க மெஷின் தூசி. பேப்பர் தூசி அச்சுப் பிளேட்ல ஒட்டினா இப்படித்தான் கறுப்பா விழும். எத்தன தடவ பாத்திருக்கேன். காலையிலேருந்து வாய மூடிக்கிட்டு இருக்கேன், உங்கப்பா முன்னாடி உங்கள விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு. நீங்க என்னடான்னா என் சாமான் மேல பழி போடச் சொல்றீங்க."

அவன் அவளையே பார்த்தான்.

"முதல் ஷீட்ட மேல கொண்டுவந்தீங்களா?" அவள் விடவில்லை. அந்த அச்சகத்தில் அதுதான் சட்டம். மெஷினில் சரியாக விழும் முதல் ஷீட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஓரத்தில் கலர் ரூமின் கையெழுத்து விழுந்த பிறகுதான் மீதியை ஓட்டலாம். "கொண்டுவந்திருந்தா அப்பவே புடிச்சிருப்பேன். பொண்டாட்டி மூஞ்சியில முழிக்கப் புடிக்காம கீழயே நின்னீங்க."

"நீ என்ன சொன்னேன்னு உனக்கே ஞாபகம் இல்லையா?"

"என்ன சொன்னேன்? அஞ்சு நாள்ல நாம பேசினதே நாலு வார்த்த."

அவன் கை சட்டைப் பைக்குப் போனது. போய், அங்கேயே நின்றது. பிறகு மெஷினைப் பார்க்க நடந்துவிட்டான். அவளுக்கு அவன் முதுகைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வந்தது. கோழை, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். இன்னும் இரண்டு வார்த்தையும் சொன்னாள். அவை பத்திரிகையில் வராது.

---

திருகாணி சரியாக மூன்று மணிக்கு வந்தான். பேசும்போதும் வாயோரத்தில் ஒரு திருகாணியைக் கடித்துக்கொண்டிருப்பான், அதனால் அந்தப் பெயர். யாருக்கும் வளைந்து கொடுக்கிற ஆள் இல்லை. அவனுக்கு ஊரில் நண்பர்கள் குறைவாக இருந்ததும் அதனால்தான்.

மாப்பிள்ளையின் மானிட்டரைக் கீழேயிருந்து தூக்கிவந்து கலர் ரூம் மேசையில் பக்கத்தில் வைத்தார்கள். திருகாணி இரண்டையும் குப்புறப் படுக்கவைத்து, கூடுகளைக் கழற்றினான். வெளிநாட்டு டப்பாவின் கூடு கைபட்டதும் கிறீச்சிட்டது.

"கூடு மட்டம்," என்றான்.

மாப்பிள்ளை முகம் மலர்ந்தது.

"ஸ்டாண்டும் மட்டம். உள்ள இருக்குற போர்டு சுமார்." திருகாணி குனிந்து, கண்ணாடிப் பேனலின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டைத் துடைத்துப் படித்தான். பிறகு அடுத்த மானிட்டரின் சீட்டைப் படித்தான். மறுபடி முதல் சீட்டுக்கு வந்தான். "முதலாளி, கொஞ்சம் லென்ஸ எடுத்துக்கிட்டு வாங்க."

மாமனார் குனிந்தார். இரண்டு சீட்டிலும் ஒரே ஃபேக்டரியின் முத்திரை. ஒரே நம்பர். கடைசி எழுத்து மட்டும் வேறு.

"கண்ணாடி ரெண்டும் ஒரே எடத்துல செஞ்சதுதான். மாப்பிள்ள சார் கம்பெனிக்காரன் புள்ளியே இல்லாததாப் பொறுக்கி எடுத்துக்குவான். ரெண்டு மூணு புள்ளி செத்தத இவங்க கம்மி விலைக்கு வாங்கிக் கூட்டுல போட்டு வித்துடுவாங்க. அந்தக் கடைசி எழுத்துக்கு அதான் அர்த்தம்."

"இதெல்லாம் யார் வேணும்னாலும் சீட்டு ஒட்டலாம்," என்றார் மாப்பிள்ளை. "சர்வீஸ்னு ஒண்ணு இருக்குல்ல? வாரண்டி இருக்குல்ல? நாளைக்கு இது புட்டுக்கிச்சுன்னா எவன் வருவான்?"

"வர மாட்டான்," என்று ஒப்புக்கொண்டான் திருகாணி. "உங்களுது புட்டுக்கிட்டா வருவாங்க. அதுக்குத்தான் அந்த விலை. கண்ணாடிக்கு இல்ல."

கலரம்மாவுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. நாற்பத்தோரு நாள் வாங்கிய பேச்சுக்கு வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

"மாமா, ஒரு நிமிஷம் அந்தச் சுவரப் பாத்து நில்லுங்க. அண்ணா, நீங்களும் நில்லுங்க. திருகாணி, கூடு மாட்டாம அப்படியே ரெண்டையும் போடு. பூக்கூடை படத்த வையி. எது யாருதுன்னு சொல்லாத."

திருகாணி இரண்டு பேனல்களையும் மேசையில் இப்படியும் அப்படியும் மாற்றி வைத்து, படத்தைப் போட்டான். இரண்டு திரையிலும் ஒரே பூக்கூடை; பொட்டு இலைகளின் கறுப்பில் கரைந்து தெரியாமல் போனது.

மாமனார் திரும்பி வெகுநேரம் பார்த்தார். எழுபது வயதுக் கண், ஆனால் ஐம்பது வருஷம் மையைப் பார்த்த கண். வலது பக்கம் கையைக் காட்டினார். "இதுதான் கம்பெனி. சிவப்பு நல்லா நிக்குது."

"ஆமா மாமா," என்று மாப்பிள்ளை உடனே ஒட்டிக்கொண்டார். "பாத்தாலே தெரியுதே. அதுல ஒரு ஆழம் இருக்கு."

திருகாணி வாயிலிருந்து திருகாணியை எடுத்தான். "அது அம்மாவோட டப்பா."

மாப்பிள்ளை ஜன்னலுக்கு வெளியே ஏதோ அவசரமாகப் பார்க்க வேண்டியிருந்தது. வாசலில் வந்து நின்ற மெஷின் ஆட்கள் இருவர் கீழே போய்ச் சிரித்தார்கள், சத்தம் மேலே கேட்டது. கணவன் மட்டும் கதவில் சாய்ந்தபடி நின்றான். அவன் சிரிக்கவில்லை.

மாமனார் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். மேசை மேல் வைத்தார். "சரி. கண்ணாடி மேல தப்பில்ல."

அவள் சாவியை எடுத்துக்கொண்டு அதோடு வாயை மூடியிருக்கலாம். நீங்களும் நானுமாக இருந்தால் மூடியிருப்போம். கலரம்மாவுக்கு இன்னும் ஒரு கணக்கு பாக்கியிருந்தது.

"காலையில நீங்க சொன்னீங்களே மாமா, ஸ்கிரீன் புள்ளி பேப்பர்ல எறங்கிடுச்சுன்னு. அதையும் காட்டிடறேன், இனிமே யாரும் அந்தப் பேச்ச எடுக்காம இருக்க."

நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் டப்பாவை நேரே வைத்து, மூன்றாம் பக்கத்தைத் திறந்தாள். டாக்டரம்மா திரை நிறையச் சிரித்தார். முன்பல்லின் மேல், வழக்கமான இடத்தில், பொட்டு.

"பாருங்க. படத்த இப்ப நகத்துறேன். இது கண்ணாடியோட புள்ளியா இருந்தா, படம் போயிடும், புள்ளி இங்கயே நிக்கும்."

மௌஸைப் பிடித்து இழுத்தாள். டாக்டரம்மாவின் முகம் இடது பக்கமாக நகர்ந்தது.

புள்ளி அங்கேயே நின்றது. இப்போது அது கன்னத்தின் மேல் இருந்தது.

பல்லோடு சேர்ந்து இன்னொரு புள்ளியும் நகர்ந்து போயிருந்தது.

அவள் கை மௌஸின் மேலேயே நின்றுவிட்டது. ஸ்கேன் எடுத்தபோது பழைய படத்தில் ஒட்டியிருந்த தூசு. எல்லாத் தூசையும் துடைத்தவள் இதை மட்டும் துடைக்கவில்லை. முழுப் பக்கத்தை வைத்துக் கடைசியாகப் பார்க்கும்போது, இரண்டு புள்ளியும் ஒன்றின் மேல் ஒன்றாக, சரியாக ஒரே இடத்தில் விழுந்திருந்தன. நாற்பத்தோரு நாளாக அந்த இடத்தைப் பார்க்காமல் தாண்டிப்போக அவள் தன் கண்ணைப் பழக்கியிருந்தாள். கண்ணும் சொன்னபடி கேட்டிருந்தது.

மெஷினும் இல்லை, தூசி பிடித்த பிளேட்டும் இல்லை. காலையிலிருந்து மனசுக்குள் புருஷனைத் திட்டியதெல்லாம் திரும்பி வந்து அவள் மேலேயே விழுந்தது.

மாமனார் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் குரலில் கோபம் இல்லாததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நிக்குற புள்ளி கண்ணாடியோடது. நீ சொன்னது சரி. நகந்துச்சே, அந்தப் புள்ளி யாரோடது?"

பழியை டப்பா மேல் போட்டிருக்கலாம். இப்போதுகூடப் போடலாம். இந்தப் பொட்டு மறைச்சுடுச்சு மாமா என்றால் அது பொய்யும் இல்லை. ஆனால் கண்ணாடி மேல் தப்பில்லை என்று ஐந்து நிமிஷத்துக்கு முன் ஊரையே கூட்டி நிரூபித்தவள் அவள்தான்.

"என்னோடது," என்றாள்.

மாப்பிள்ளை ஜன்னலிலிருந்து திரும்பினார்.

அவள் திரைக்குத் திரும்பி, பல்லின் மேல் ஒரே ஒரு தட்டுத் தட்டினாள். தூசு போனது. டாக்டரம்மாவின் பல் பளிச்சென்று இருந்தது. அரை நொடி வேலை. ஃபைலைச் சேமித்துவிட்டு எழுந்தாள். சாவியைத் தானே எடுத்து மாமனாரின் கையில் வைத்தாள். கண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"புது பிளேட் போடுங்க. படம் சுத்தமா இருக்கு."

மாமனார் சாவியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது போலிருந்தது.

"இவதான் பாக்கல. மெஷின்ல நின்னவன் நீ. முதல் ஷீட்டு எங்க?"

"தெரியலப்பா," என்றான் கணவன். "தேடிப் பாத்தேன். கழிவுல போயிடுச்சு போல."

சொல்லும்போது அவன் கை சட்டைப் பையை மூடியது. வெள்ளைச் சட்டை. மடித்த காகிதம் துணியை முட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் சிவப்புப் பென்சில் போட்ட வட்டத்தின் ஒரு விளிம்பு, துணி வழியாகவே, கலரம்மாவின் கண்ணில் பட்டது. நிறம் பார்த்தே பிழைப்பு நடத்துகிற கண் அது.

மலர் அச்சில் ஓடிய அந்த நாள் அவளுக்கு முழுசாக ஞாபகம் வந்தது. மதியம் அவன் ஏதோ பில்லுக்காக மாடிக்கு வந்தபோது, திரையைப் பார்த்து, அது என்ன பல்லுல என்று ஒரே கேள்வி கேட்டான். ஸ்கிரீன் புள்ளி என்றாள், முகத்தைத் திருப்பாமல். சாயங்காலம் இண்டர்காம் அடித்தது. பின்னால் மெஷின் சத்தம். "அந்தப் பல்லுப் புள்ளி இன்னும் இருக்கு," என்றான். ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு இன்னும் அவள் காதிலேயே இருந்தது. "அது இருக்கும். பேப்பர்ல வராது. நீங்க ஓட்டுங்க," என்று சொல்லிப் பட்டென்று வைத்தாள்.

அவன் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறான். அவள் திரையை நினைத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறாள். பத்துப் படி ஏறி வந்து காட்டியிருந்தால், கண் முன்னால் நீட்டியிருந்தால். அவன் ஏறவில்லை. பல்லைச் சுற்றி வட்டம் போட்டு வைத்துக்கொண்டு, ஆயிரத்து ஐந்நூறையும் ஓட்டிவிட்டான்.

இப்போது அந்த ஷீட்டை மறைக்கிறான். அவளுக்காகவா, தனக்காகவா? காலையில் ரீம் அடுக்குக்குப் பக்கத்தில் அந்தக் கை பைக்குப் போய் நின்றதே, அப்போது யாருக்காக நின்றது? அவளுக்குத் தெரியவில்லை. தெரியாமல் இனி ஒரு நாள்கூட அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

கணவன் அவளைப் பார்த்து, மிக லேசாக, வேண்டாம் என்று தலையை அசைத்தான்.

"கழிவுல போகல மாமா," என்றாள் கலரம்மா. "அவரு சட்டப் பையில இருக்கு."

மாமனார் மகனிடம் கையை நீட்டினார்.